வழுவும் வழுவமைதியும்: வழுநீக்கியைச் சோதித்த வரலாறு

கணினியிலோ கைப்பேசியிலோ தமிழ் எழுதுவோர் அனைவரும் ஒரு காட்சியைக் கண்டிருப்பர். மெய்யெழுத்து எவ்வாறோ விடுபட்டுப்போய்க் கொம்போ துணைக்காலோ தனித்து நின்றால், அதன் பக்கத்தில் புள்ளிகளாலான சிறு வட்டம் ஒன்று தோன்றும். அவ்வட்டம் எழுதியவர் இட்டதன்று. எழுத்தைத் திரையில் வரைகின்ற நிரல் இட்டது. ஈண்டு ஓர் எழுத்து இருந்திருத்தல் வேண்டும், அஃது யாதென அறியக்கூடவில்லை, ஆயினும் வந்ததை வந்தபடியே காட்டுகிறேன் என்பதே அவ்வட்டத்தின் பொருள்.

இதற்கு மாறான நிகழ்ச்சியும் உண்டு. 2018ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் தெலுங்குக் கூட்டெழுத்து ஒன்று ஆப்பிள் நிறுவனத்தின் கைப்பேசிகளுக்குச் செய்தியாக வந்தபோது, அதனைக் காட்ட முயன்ற செயலிகள் செயலற்று வீழ்ந்தன. அவ்வெழுத்துத் தெலுங்கு நெறிக்குப் பகையானதன்று. கண்ணுக்குப் புலப்படாத இடைக்குறி ஒன்று அதனுள் வந்தமையால், வரைகின்ற நிரல் எதிர்பாராத சேர்க்கையாயிற்று, அவ்வளவே. சில நாள்களில் திருத்தம் வெளியிடப்பட்டது.

முன்னது பழுதைக் கண்டு நிலைகுலையாது நின்றது. பின்னது பழுதில்லாத புதுமையைக் கண்டே வீழ்ந்தது. பிறர் எழுதிவைத்ததைப் படிக்கும் கருவி எதுவாயினும் அதன் தரத்தை அறிதற்கு நல்ல ஏடு பயன்படாது. பழுதுற்ற ஏடும் வழக்கிறந்த ஏடுமே உரைகல்லாகும். இவ்வுண்மை கணினித் துறையில் மிகக் கூர்மையாக வெளிப்பட்ட இடம், நிரல்களின் பிழையைத் தேடித் தரும் ‘வழுநீக்கி’ என்னும் கருவியின் வரலாறாகும்.

பூச்சியும் மருந்தும்

வழு என்னும் சொல் தமிழாசிரியர்க்குப் புதியதன்று. தொல்காப்பியச் சொல்லதிகாரம் தொடங்கும் இடமே வழுக்காத்தலைப் பற்றியது. பவணந்தி முனிவர் நன்னூலில் திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு என வழு எழுவகைப்படும் என்றார். இப்பழஞ்சொல்லே இன்று தமிழ்க் கணினியாளரிடையே நிரற்பிழைக்குப் பெயராக வழங்கிவருகிறது. ஆங்கிலேயர் அதனைப் ‘பூச்சி’ என்னும் பொருள்படும் ‘பக்’ என்ற சொல்லால் குறிப்பர். பொறியில் தோன்றும் கோளாற்றை அச்சொல்லால் குறிப்பது தாமஸ் எடிசன் காலத்திலேயே, 1870களிலேயே, இருந்தது. 1947ஆம் ஆண்டு செப்டம்பர் 9ஆம் நாள் ஹார்வர்டுப் பல்கலைக்கழகத்தின் ‘மார்க் 2’ என்னும் கணிப்பொறியில் உண்மையாகவே ஓர் அந்துப்பூச்சி சிக்கிக்கொள்ள, அதனை எடுத்து நாட்குறிப்பேட்டில் ஒட்டிவைத்தனர். அவ்வேடு இன்று வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் அருங்காட்சியகத்தில் உள்ளது.

ஆனால் நிரலருக்கு உண்மையான பகை பூச்சியன்று. தம் மனத்தின் தவறே. கேம்பிரிட்ஜில் 1949இல் ‘எட்சாக்’ என்னும் கணிப்பொறியை இயக்கிய மாரிஸ் வில்க்ஸ், தம் எஞ்சிய வாழ்நாளில் நற்பகுதி தம் சொந்த நிரல்களின் தவற்றைத் தேடுவதிலேயே கழியப்போகிறது என்று அக்காலத்தில் உணர்ந்ததைப் பின்னாளில் நினைவுகூர்ந்தார். அவருடன் பணியாற்றிய ஸ்டான்லி கில் என்பார் 1951இல் அரச கழகத்தின் ஏட்டில், நிரற்பிழையைக் கண்டறியும் முறைகளைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். பொறி ஆற்றும் ஒவ்வொரு கட்டளையையும் மற்றொரு நிரலைக்கொண்டு கண்காணிக்கலாம் என்னும் கருத்து அதனுள் இருந்தது.

அடுத்து வந்த வழுநீக்கிகளின் பெயர் மலாயாத் தோட்டப்புறத்தாருக்கு நகைப்பூட்டும். அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஒரு வழுநீக்கிக்கு ‘ஃபிளிட்’ என்றும், 1961இல் தோன்றிய மற்றொன்றுக்கு ‘டி.டி.டி.’ என்றும் பெயரிட்டனர். முன்னது வீட்டில் கொசுவுக்கு அடிக்கும் மருந்தின் பெயர். பின்னது மலேரியாவை ஒழிக்கச் சுவரெங்கும் தெளிக்கப்பட்ட மருந்து. பூச்சி என்றால் மருந்து வேண்டுமன்றோ!

உரையின்றி மூலம் விளங்காது

வழுநீக்கி எவ்வாறு வேலை செய்கிறது என்பதைத் தமிழாசிரியர்க்கு எளிதில் விளக்கலாம். நிரலர் மனிதர் படிக்கக்கூடிய மொழியில் எழுதுகிறார். மாறிகளுக்குப் பெயர் இடுகிறார். வரி வரியாகக் கட்டளை அமைக்கிறார். ‘தொகுப்பி’ என்னும் மற்றொரு நிரல் அவற்றையெல்லாம் பொறிக்கு விளங்கும் எண்களாக மாற்றிவிடுகிறது. அவ்வெண்களில் பெயரும் இல்லை, வரியும் இல்லை. நிரல் நடுவழியில் வீழ்ந்துவிட்டால், எந்த வரியில் வீழ்ந்தது, அப்போது எந்த மாறியில் என்ன மதிப்பு இருந்தது என்று அறிய வழியில்லை. ஆகவே தொகுப்பியானது, எண்களோடு ஒரு குறிப்பையும் சேர்த்து எழுதிவைக்கிறது. இந்த இடத்திலுள்ள கட்டளை இந்தக் கோப்பின் 40ஆம் வரிக்கு உரியது, இந்த நினைவிடத்தில் இருப்பது ‘மொத்தம்’ என்னும் மாறி, அது நான்கு பைட் அளவுள்ள முழு எண் என்பன போன்ற செய்திகள் அக்குறிப்பில் அடங்கும். சங்கச் செய்யுளுக்குப் பழைய உரை எத்தகையதோ, பொறி மொழிக்கு இக்குறிப்பும் அத்தகையது. வழுநீக்கி அவ்வுரையைப் படித்தே மூலத்துக்குப் பொருள் சொல்கிறது.

இக்குறிப்பை எழுதும் முறைகள் பல. கலிபோர்னியாவின் பெர்க்லி நகரில் பாஸ்கல் மொழிக்கான ஒரு வழுநீக்கிக்கென வகுக்கப்பட்ட ‘ஸ்டாப்ஸ்’ என்னும் முறை யூனிக்ஸ் கணினிகளில் நெடுங்காலம் வழங்கிற்று. 1980களில் பெல் ஆய்வுக்கூடத்தில் ‘டுவார்ஃப்’ என்னும் முறை பிறந்தது. நிரற்கோப்பின் அமைப்புக்கு ‘எல்ஃப்’ என்று பெயர். மேலைநாட்டுக் கதைகளில் எல்ஃப் ஒரு மாயச் சிறுதெய்வம், டுவார்ஃப் ஒரு குள்ளன்; இரண்டையும் விளையாட்டாக இணைத்துவிட்டனர். டுவார்ஃபின் இரண்டாம் பதிப்பு 1993இலும், நான்காம் பதிப்பு 2010இலும், ஐந்தாம் பதிப்பு 2017இலும் வெளிவந்தன. இக்குறிப்புகளைப் படிக்கும் வழுநீக்கிகளுள் பெரும்புகழ் பெற்றது, ரிச்சர்டு ஸ்டால்மன் 1986இல் எழுதி யாவர்க்கும் உரிமையாக்கிய ‘ஜி.டி.பி.’ என்பதாகும்.

வழுவும் வழுவமைதியும்

உரையாசிரியர் தவறக்கூடுமெனின் தொகுப்பியும் தவறக்கூடும். குறிப்பு பழுதாவதற்குக் காரணங்கள் பல. தொகுப்பியிலேயே வழு இருக்கலாம். கோப்பின் ஒரு பகுதி அறுந்துபோயிருக்கலாம். வேற்று நிறுவனத்தின் தொகுப்பி விதியை வேறாகப் பொருள்கொண்டிருக்கலாம். கெடுமதியாளர் ஒருவர் வேண்டுமென்றே திரித்திருக்கவும் கூடும்.

அத்தகைய பழுது எவ்வாறிருக்கும்? ‘மொத்தம்’ என்னும் மாறியின் வகை யாது என்பதைப் பதிவு நேரே சொல்வதில்லை. “வகையை 500ஆம் இடத்தில் காண்க” என்று சுட்டும். கோப்பு 400ஆம் இடத்தோடு முடிந்துவிட்டால் என்ன ஆகும்? 500ஆம் இடம் வேறொரு பதிவின் நடுவில் விழுமாயின் என்ன ஆகும்? 500ஆம் இடம் 600ஐக் காண்க என்று சொல்லி, 600 மீண்டும் 500ஐக் காண்க என்று சொல்லுமாயின், படிக்கும் நிரல் செக்குமாடு போல் ஓயாது சுற்றிவராதா? ஓர் அணியின் நீளம் கோடிக்கணக்கென்று தவறாகக் குறித்திருந்தால், அத்தனை கோடிக்கும் இடம் ஒதுக்க முயன்று கணினியே திணறாதா? இவையெல்லாம் வழு.

ஆனால் வழு வேறு, வழுவமைதி வேறு என்பதை இலக்கணம் கற்றோர் அறிவர். பசுவை உவப்பின் மிகுதியால் அம்மையே என்று ஒருவர் அழைத்தால் அது திணை மயக்கமாகத் தோன்றும். எனினும் காரணம் உண்மையின் இலக்கணம் அதனை ஏற்றுக்கொள்கிறது. டுவார்ஃபிலும் இவ்வாறு உண்டு. தொகுப்பி வேகத்தை நாடி ஒரு செயற்கூற்றை இரண்டு துண்டாக்கி, ஒன்றை இங்கும் மற்றொன்றை வெகுதொலைவிலும் வைக்கலாம். ஒரு சிறு செயற்கூற்றை அதனை அழைக்கும் இடத்திலேயே கரைத்துவிடலாம். வரிகளின் வரிசை 12, 15, 13, 12 என்று முன்னும் பின்னுமாகச் செல்லலாம். பெயரே இல்லாத கட்டமைப்பு வரலாம். இவை கண்டறியாதவைபோல் தோன்றினும் விதிக்கு உட்பட்டவை. இவற்றை வழுவென்று தள்ளும் வழுநீக்கி, வழுவமைதியறியாத மாணவனைப் போன்றது. ஆகவே சோதனை இருபுறமும் கூர்மையுடையதாதல் வேண்டும்: வழுவை வழுவென்று அறிதல், வழுவமைதியை வழுவென்னாது விடுதல்.

கிராணி கையில் கிழிந்த செக்ரோல்

பழுதுற்ற குறிப்பைச் சந்திக்கும் வழுநீக்கிக்கு மூன்று வழிகள் உள்ளன. பேராக்கின் தென்கோடியில் பெர்ணாம் ஆற்றங்கரையிலுள்ள தஞ்சோங் மாலிம் வட்டாரத்து ரப்பர்த் தோட்டங்களை அறிந்தோர் இதனை உடனே உணர்வர். காலையில் பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிட்டு, வந்தவர் வராதவர் விவரத்தைக் கிராணி செக்ரோலில் பதிவார். சம்பளம் அவ்வேட்டைப் பார்த்தே போடப்படும். அவ்வேட்டின் ஒரு பக்கம் மழையில் நனைந்து ஒரு பெயர் அழிந்துபோயிற்று என்று வைத்துக்கொள்வோம். கிராணி ஏட்டை மூடிவைத்துவிட்டு, இம்மாதம் யார்க்கும் சம்பளமில்லை என்று சொல்லலாம். அன்றி, அழிந்த இடத்தில் தமக்குத் தோன்றிய பெயரொன்றை எழுதிச் சம்பளத்தை வேறொருவர் கையில் கொடுத்துவிடலாம். அன்றி, ஏனையோர்க்கெல்லாம் முறைப்படி போட்டுவிட்டு, அந்த ஒரு வரியில் மட்டும் சிவப்பு மையால் கோடிட்டு, இன்ன பக்கம் இன்ன வரி படிக்கக்கூடவில்லை என்று மேலிடத்துக்கு எழுதலாம்.

முதல் வழி வீழ்ச்சி. இரண்டாம் வழி பொய். மூன்றாம் வழியே நேர்மை. இம்மூன்றனுள் மிகக் கொடியது எது? வீழ்ச்சி கண்ணுக்குத் தெரியும்; அதனைத் திருத்தலாம். பொய் தெரியாது. பதிவேட்டில் ஒரு பெயர் ஓரிடத்தில் ஒருவகையாகவும் மற்றோரிடத்தில் வேறுவகையாகவும் எழுதப்பட்டமையால் அடையாள அட்டைக்கு ஆண்டுக்கணக்கில் அலைந்த தோட்டக் குடும்பங்களுக்கு, நேர்த்தியாக எழுதப்பட்ட பொய் எத்தகைய துன்பம் என்பதை விளக்கவேண்டியதில்லை. வழுநீக்கி தவறான மதிப்பைக் காட்டினால், நிரலர் இல்லாத பிழையைத் தேடி நாளையெல்லாம் கழிப்பார். உள்ள பிழையோ மருத்துவமனைப் பொறியிலும் வானூர்தியிலும் தங்கிவிடும்.

ஜி.டி.பி.யின் முறையீடுகள்

இச்சிக்கலை ஜி.டி.பி. எவ்வாறு எதிர்கொண்டது என்பதற்கு அதன் கையேடே சான்று. குறிப்பைப் படிக்கையில் எதிர்ப்படும் பழுதுகளுக்கு அக்கருவியில் ‘முறையீடு’ என்னும் பொருள்படும் பெயர் இட்டுள்ளனர். பழுதுகள் மிகப் பலவாதலாலும், அவை தொகுப்பியை ஆக்குவோர்க்கே பெரிதும் பயன்படும் ஆதலாலும், முறையீடுகள் இயல்பாகக் காட்டப்படுவதில்லை. வேண்டுவோர் கேட்டுப் பெறலாம். ஒவ்வொரு முறையீட்டுக்கும் கருவி என்ன செய்கிறது என்று கையேடு ஒளிவின்றிச் சொல்கிறது.

உள்ளிருக்கவேண்டிய பகுதி வெளிப்பகுதியின் எல்லையைத் தாண்டி நின்றால், இரண்டுக்கும் ஒரே எல்லை என்று கொண்டு கருவி மேலே செல்லும். ஒரு பகுதியின் தொடக்கம் முந்தைய வரிக்கும் முன்னதாகக் குறிக்கப்பட்டிருந்தால், முந்தைய வரியிலிருந்தே தொடங்குவதாகக் கொள்ளும். சன் நிறுவனத்தின் பழைய தொகுப்பியொன்றில் இப்பழுது உண்டென்று கையேடு சுட்டுகிறது. அறியாத வகையின் குறி வந்தால் அதனைத் தள்ளிவிடும். சில பெயர்கள் கிட்டாமற்போகலாம், எனினும் வேலை நடக்கும். பகுதிகள் வரிசை மாறிக் கிடந்தாலோ, இதற்கு மாற்று இல்லை, பெயர்களைக் கண்டறிவதில் இடர்ப்பாடு நேரும் என்று தன் குறையையே ஒப்புக்கொள்ளும்.

இவற்றுள் ஒன்று தமிழாசிரியர் நெஞ்சை ஈர்க்கும். ஒரு மாறியின் பெயர் பெயர்ப்பட்டியலின் எல்லைக்கு அப்பால் உள்ளதாகக் குறிப்பு தவறிச் சொல்லுமாயின், பெயர் கிட்டாது. அப்போது ஜி.டி.பி. அதற்கு ‘ஃபூ’ என்று ஒரு பெயர் இட்டுவிடும். ‘ஃபூ’ என்பது நிரலரிடையே பெயரில்லாததற்கு இடும் பெயர். சங்கத்தொகை தொகுத்தோர்க்கும் இதே இடர் நேர்ந்ததன்றோ? பாட்டு கிடைத்தது, பாடியவர் பெயர் கிடைக்கவில்லை. அவர்கள் பாட்டினுள் வந்த தொடரையே புலவர்க்குப் பெயராக்கினர். செம்புலப்பெயனீரார், அணிலாடு முன்றிலார், தேய்புரிப் பழங்கயிற்றினார், மீனெறி தூண்டிலார் என்பன அவ்வாறு வந்த பெயர்கள். இரண்டு முறைக்கும் வேறுபாடு உண்டு. தொகுத்தோர் ஒவ்வொருவர்க்கும் அவரவர் பாட்டிலிருந்தே தனிப்பெயர் தந்தனர். ஒருவரை மற்றொருவராக மயங்க இடமில்லை. ஜி.டி.பி.யோ பெயரிழந்த யாவர்க்கும் ஒரே பெயரைத் தந்தது. அப்பெயர் பலவற்றுக்கு வந்துவிட்டால் வேறு இடர்கள் தோன்றலாம் என்று அக்கையேடே எச்சரிக்கிறது. பழுதைச் சமாளிக்கும் முறையே புதுப் பழுதுக்கு வித்தாகலாம் என்பது இதனால் பெறப்படும்.

பின்னாளில் இம்முறை திருந்திற்று. வகை சுட்டும் பதிவு பழுதாயிருப்பின், இப்போது ஜி.டி.பி. ஒரு பொய்வகையைக் கற்பிப்பதில்லை. இன்ன கோப்பில், இன்ன தொகுதியில், இன்ன இடத்திலுள்ள பதிவின் வகை அறியப்படவில்லை என்று அவ்விடத்திலேயே அடையாளமிட்டுக் காட்டுகிறது. செயற்கூறுகள் ஒன்றையொன்று அழைத்த வரிசையைப் பின்னோக்கிப் படிக்கையில், முன்பு வந்த படியே மீண்டும் வந்தால் அத்துடன் நின்றுவிட்டு, அடுக்கு சிதைந்துள்ளதோ என்று ஒரு வினாக்குறியோடு சொல்கிறது. அவ்வினாக்குறி சிறியது, ஆயினும் அறிந்ததையும் ஐயுற்றதையும் பிரித்துக்காட்டும் நேர்மை அதில் உள்ளது.

பிழையை வேண்டிப் படைத்தல்

இந்நடத்தைகளைச் சோதிப்பது எங்ஙனம்? நல்ல தொகுப்பியிடம் சென்று, தவறான குறிப்பு ஒன்று எழுதித் தருக என்றால் தராது. இன்று ஒரு தொகுப்பி தவறினாலும் நாளைத் திருத்தப்பட்டுவிடும். சோதனையோ என்றும் நிலைத்திருத்தல் வேண்டும். ஆகவே ஜி.டி.பி.யை ஆக்குவோர், பொறிக்கு அண்மையான மொழியில் குறிப்பைப் பைட் பைட்டாகக் கையாலேயே எழுதினர். எந்தப் பழுது வேண்டுமோ அதனை உரிய இடத்தில் அளந்து வைத்தனர். இம்முறை மிகக் கடினம். ஓர் இடத்தில் ஒரு பைட் கூடினால் பின்வரும் கணக்கெல்லாம் மாறும். இக்கடுமையைக் குறைக்க 2010களில் ‘டுவார்ஃப் அசெம்பிளர்’ என்னும் சிறு கருவியைச் சோதனைத் தொகுப்பினுள்ளேயே அமைத்துக்கொண்டனர். இன்ன பதிவு, இன்ன பண்பு, இன்ன சுட்டு என்று எழுதினால் அது குறிப்பாக மாறிவிடும். விதிக்கு உட்பட்டதும் எழுதலாம், விதியை மீறியதும் எழுதலாம். இதனால் எந்தத் தொகுப்பியும் இதுவரை எழுதாத குறிப்பையும் முன்கூட்டியே சோதிக்க இயன்றது.

இத்தகைய சோதனையில் விடையை மட்டும் பார்த்தல் போதாது. பழுதான பதிவைக் கேட்டபின் கருவி உயிரோடு உள்ளதா, அடுத்த கேள்விக்கு ஒழுங்காக விடை தருகிறதா என்றும் பார்த்தல் வேண்டும். ஒரு சொல் தெரியாத மாணவன் அந்தச் சொல்லில் நின்றுவிடுதல் குற்றமன்று. அதன்பின் தேர்வு முழுவதையும் எழுதாது எழுந்துபோதலே குற்றம். வழுநீக்கியிலேயே வழு இருந்தால் என்ன செய்வது? ஜி.டி.பி. கையேடு அதற்கும் வழி சொல்கிறது: ஒரு ஜி.டி.பி.யை மற்றொரு ஜி.டி.பி.யால் ஆராயலாம்!

இடிமழையில் பிறந்த முறை

கையால் செய்யும் பழுதுக்கு ஓர் எல்லை உண்டு. மனிதர் எண்ணிப்பார்க்கும் பிழையையே மனிதர் செய்வர். எண்ணாத பிழையைச் செய்வது யார்? இதற்கு விடை 1988இல் கிடைத்தது. அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகப் பேராசிரியர் பார்ட்டன் மில்லர், இடிமழை பெய்த ஓரிரவில் தொலைபேசிக் கம்பி வழியே கணினியோடு தொடர்புகொண்டிருந்தார். மழையால் கம்பியில் எழுந்த இரைச்சல் அவர் தட்டிய எழுத்துகளினூடே குப்பை எழுத்துகளைக் கலந்தது. குப்பை வந்ததில் வியப்பில்லை. அக்குப்பையைக் கண்டு நற்பெயர் பெற்ற யூனிக்ஸ் நிரல்கள் வீழ்ந்ததே வியப்பு. அவர் இதனைத் தம் மாணவர்க்குப் பயிற்சியாகக் கொடுத்தார்: நிரல்களுக்கு வேண்டுமென்றே குப்பையை ஊட்டிப் பாருங்கள் என்றார். 1990 டிசம்பரில் வெளிவந்த அவர்தம் கட்டுரை, சோதித்த நிரல்களுள் ஏறத்தாழக் கால்பங்கு முதல் மூன்றிலொரு பங்கு வரை வீழ்ந்தன அல்லது உறைந்து நின்றன என்று காட்டிற்று. இம்முறைக்கு ‘ஃபஸ்’ என்று பெயர் வழங்கலாயிற்று.

2013இல் மீஹாவ் ஸலேவ்ஸ்கி என்பார், குப்பையையும் அறிவோடு தேர்ந்து ஊட்டும் ஒரு கருவியை வெளியிட்டார். ஊட்டிய குப்பை நிரலினுள் புதுவழி எதையேனும் திறந்ததா என்று பார்த்து, திறந்ததை மட்டும் வளர்த்து மேலும் திரிக்கும் முறை அது. 2014 அக்டோபரில் அவர் வெளியிட்ட ஒரு செய்தி பலரைத் திடுக்கிடச் செய்தது. கோப்பிலுள்ள எழுத்துத் தொடர்களைப் பொறுக்கிக் காட்டும் ‘ஸ்டிரிங்ஸ்’ என்னும் எளிய கருவி உண்டு. ஐயத்துக்குரிய கோப்பு வந்தால் முதலில் அதனைக் கொண்டே பார்ப்பர். தீங்கற்றது என்பது பொதுநம்பிக்கை. ஆனால் அது நிரற்கோப்பின் அமைப்பைப் படிக்கும் ஒரு நூலகத்தை உள்ளே பயன்படுத்திற்று. அந்நூலகம் திரிக்கப்பட்ட கோப்பால் நினைவகம் சிதையும் நிலையில் இருந்தது. ஜி.டி.பி. பயன்படுத்துவதும் அதே நூலகமே. நோயை ஆராய்பவரையே நோய் பற்றும் நிலை இது.

அதற்கு முன்னரே, 2011இல், டார்ட்மத் கல்லூரியைச் சேர்ந்த ஜேம்ஸ் ஓக்லி, செர்கே பிராட்டஸ் இருவரும் வேறோர் உண்மையைக் காட்டினர். டுவார்ஃப் குறிப்பு வெறும் பட்டியலன்று. மதிப்பு எங்கேயுள்ளது என்பதைக் கணித்தறிய அதற்குள் ஒரு சிறு கணக்கு மொழியே உண்டு. அதன் ஒரு பகுதியை வழுநீக்கி மட்டுமன்றி ஓடும் நிரலும் படிக்கிறது. பொறிக்கட்டளை ஒன்றையும் சேர்க்காமல், அக்குறிப்பை மட்டும் திரித்தே நிரலைத் தம் வழிக்குக் கொணரலாம் என்று அவர்கள் செய்துகாட்டினர். உரையைத் திருத்தியே மூலத்தின் பொருளை மாற்றிவிடுவது போன்றது இது. 2016 டிசம்பரில் கூகுள் நிறுவனம் தொடங்கிய ‘ஓ.எஸ்.எஸ்.-ஃபஸ்’ திட்டத்தின் வாயிலாக, திறந்த மூலப் பொதுநிரல்கள் பலவும் இரவுபகலாகத் திரிந்த கோப்புகளால் சோதிக்கப்பட்டு வருகின்றன.

நன்றாக எழுதப்பட்ட பொய்

இத்தனைக்கும் பிறகு ஒரு பெருஞ்சிக்கல் எஞ்சி நின்றது. வடிவில் பழுதில்லாமல், பொருளில் மட்டும் பொய்யான குறிப்பை எவ்வாறு கண்டறிவது? எழுத்துப்பிழையற்ற பொய்யை இலக்கணத்தால் பிடிக்கலாகாது. தொகுப்பி நிரலை விரைவாக்கும் பொருட்டுக் கட்டளைகளை மாற்றியமைக்கையில் இப்பொய் எளிதில் புகும். மாறியின் மதிப்பு உண்மையில் நீங்கிவிட்டது; ஆயினும் குறிப்பு பழைய இடத்தையே சுட்டும்; வழுநீக்கி அவ்விடத்தில் கிடக்கும் வேறொன்றை எடுத்து மாறியின் மதிப்பென்று காட்டும். மதிப்பு நீக்கப்பட்டது என்று சொல்லவேண்டிய இடம் அது. அவ்வாறு சொல்வதற்கென்றே ஜி.டி.பி.யில் தனிக்குறி உண்டு.

இத்தாலியின் சாப்பியென்சா பல்கலைக்கழகத்தார் முதலானோர் 2021இல் வெளியிட்ட ஆய்வொன்று இதற்கு வழிகண்டது. ஒரே நிரலை விரைவாக்காமலும் விரைவாக்கியும் தொகுத்து, இரண்டையும் வழுநீக்கியில் படிப்படியாக ஓட்டி, ஒன்றில் தோன்றாத வரியோ மதிப்போ மற்றொன்றில் தோன்றுகிறதா என்று ஒப்பிட்டனர். இரண்டு சுவடிகளை அருகருகே வைத்துப் பாடபேதம் காண்பது போன்றது இம்முறை. இதனால் எல்.எல்.வி.எம். தொகுதியில் 23, க்னூ தொகுதியில் 8, ரஸ்ட் தொகுதியில் 3 என வழுக்கள் வெளிப்பட்டன. அவற்றுட் சில தொகுப்பியின் குற்றம். சில வழுநீக்கியின் குற்றம். பொய் யார் வாயில் பிறந்தது என்பதை இரு சான்றுகளை ஒத்துப்பார்த்தே துணியவேண்டியிருந்தது.

ஏடு காத்தோர் நெறி

தமிழர்க்கு இந்நெறி புதியதன்று. உ. வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியையும், 1894இல் புறநானூற்றையும் பதிப்பித்தபோது அவர் கைக்கு வந்தவை செல்லரித்த ஏடுகள். எழுதினோர் பிழை மலிந்தவை. இடையிடையே இதழ் இழந்தவை. புறநானூற்றில் 267, 268ஆம் பாட்டுகள் கிடைக்கவில்லை. சிதைந்த அடிகளும் பல. செய்யுளியற்ற வல்ல அவர்க்குக் காலியிடத்தை நிரப்புதல் அரிதன்று. ஆயினும் நிரப்பினாரல்லர், புள்ளியிட்டு விட்டார். ஏடு சிதைந்துள்ளதென்று பதிப்பையே கைவிடவுமில்லை. கிடைத்ததைக் கிடைத்தவாறு தந்து, கிடைக்காததைக் கிடைக்கவில்லையென்று குறித்தார். இன்று திரையில் தோன்றும் புள்ளி வட்டமும், அறியப்படாத வகை என்று வழுநீக்கி இடும் அடையாளமும் அப்புள்ளிகளின் மரபினவேயாகும்.

தஞ்சோங் மாலிமில் 1922இல் சுல்தான் இட்ரிஸ் பயிற்சிக் கல்லூரி தோன்றிய நாள்முதல், 1997இல் அது கல்விப் பல்கலைக்கழகமாக உயர்ந்து இயங்கும் இந்நாள்வரை, ஆசிரியரை ஆக்குவதே அவ்வூரின் தொழிலாக இருந்து வருகிறது. ஆசிரியரைச் சோதிப்பது நன்கு படித்த மாணவனின் விடைத்தாளன்று. பாதி எழுதி விட்டதும், கேள்வி எண் மாறியதும், எவரும் எதிர்பாராத வழியில் சென்று சரியான விடையை அடைந்ததுமான தாள்களே அவரைச் சோதிக்கின்றன. பிழையைப் பிழையென்று காணவும், புதுமையைப் பிழையென்று அடியாதிருக்கவும், படிக்க இயலாததைப் படித்ததாகப் பாவியாதிருக்கவும் பழகியவரே நல்ல ஆசிரியர். நாற்பது ஆண்டுகளாக வழுநீக்கிக்கு நிரலர் கற்பித்துவருவதும் இம்மூன்றே என்க.